பெண்பிள்ளைகளுக்கான வான்

வானின் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சாரதி பொறுமையிழந்து ஒரு தடவை ஹோர்ன் அடித்தார்.

நெல்லியடிக்கு அப்பால், ஒரு மிளகாய்த் தோட்டத்தின் நடுவே நின்றோம். கிணற்றடியில் நீர் இறைக்கும் மிஷின் மத்தியானத்திலிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையும் நனைந்த மண்ணும் கலந்த ஒரு மணம். கிணற்றுக்குள் இறக்கிய அளவுநாடா என் கையில் இருந்தது. அடுத்த அளவீட்டுக்கு நேரம் நெருங்கியிருந்தது.

எங்களைக் களச் சோதனைக்குக் கூட்டிவந்த விரிவுரையாளர், எங்கள் சேர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரும் வானிலை ஏறுங்கோ. விளக்கு வைக்க முதல் வீடுகளுக்குப் போய்ச் சேரோணும்."

"சேர், மட்டம் இப்பதான் ஒழுங்கா இறங்கத் தொடங்குது. இன்னும் கொஞ்ச நேரம் நிண்டு..."

"அதைப் பெடியள் பாப்பாங்கள். நீர் ஏறும்."

என் வகுப்பில் படித்த தர்சன் நாடாவை என் கையிலிருந்து வாங்கினான். "போய் வடிவா நித்திரை கொள்ளு, சிந்து. கிணத்தை நாங்கள் ஓட விடமாட்டம்."

பெடியன்கள் சிரித்தார்கள். நாங்கள் நான்கு பேரும் ஏறினோம். இருக்கைகளில் ஆளுக்கொரு பொதி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு ரோல்ஸ், ஒரு சின்னப் போத்தல் நெல்லிரசம். சேர் தன் சொந்தக் காசில் வாங்கியவை.

இதை நான் மறைக்கப்போவதில்லை. சேர் எங்களை வெறுத்தவர் அல்லர். எங்கள் நீரியல் விரிவுரையாளர்களில் அவர்தான் மாணவர்களின் பசியைப் பற்றி யோசித்தவர். பெயர் எழுதவில்லை, சேர் என்றே இருக்கட்டும். ரோல்ஸில் மிளகு தூக்கலாக இருந்தது. வான் பருத்தித்துறை வீதியில் ஏறியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. யன்னலால் திரும்பிப் பார்த்தேன். பெடியன்கள் கிணற்றுக்கு மேல் ஒரு மின்குமிழைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வான் என்னை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்பதுதான் இந்தக் கிழமைப் பத்தியின் கதை.

மூளை குழம்பியதா?

போன கிழமை, உயர்தரத்தில் கணிதம் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பாடுபட்டு இஞ்சினியராக வந்த பிள்ளை, கடைசியில் கலைப்பீடத்துக்குப் போய்ப் புவியியல் படிக்கிறீராமே. மூளை குழம்பிவிட்டதா?"

இல்லை ஐயா. கோபம் வந்தது. இரண்டும் வேறு.

ஆனால் உங்கள் கேள்வி புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள்கூடப் பாடம் பார்ப்பார்கள். உயிரியலும் கணிதமும் மேலே. வர்த்தகம் நடுவில். கலை எல்லாவற்றுக்கும் கீழே. பரீட்சை முடிவு வந்ததும் சந்திக்குச் சந்தி ரியூட்டரிகள் பனர் கட்டும். அதில் வருங்கால டொக்டர்களும் இஞ்சினியர்களும் வரிசையாகச் சிரிப்பார்கள். கலைப்பிரிவில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் படம், இருந்தால், பனரின் மூலையில் இருக்கும். மழைக்கு முதலில் கிழிவது அந்த மூலைதான்.

என் படமும் ஒரு வருடம் கோப்பாய்ச் சந்தியில் தொங்கியது. நடுவில். ஆகவே நான் எங்கிருந்து எங்கே இறங்கினேன் என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூடக் கேட்பார்: "நீர் அந்த இஞ்சினியர்ப் பிள்ளையெல்லே?"

ஓம். அந்தப் பிள்ளைதான்.

நேர்கோட்டில் இறங்கிய தண்ணீர்

அந்த மிளகாய்த் தோட்டத்தில் நாங்கள் செய்தது எளிமையான சோதனைதான். ஒரு கிணற்றில் ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாமல் நீர் இறைப்பது. மட்டம் எப்படி இறங்குகிறது என்று குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுவது. நிலத்துக்கு அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பதை அதிலிருந்து கணிக்கலாம். சோதனையின் உயிர் இரவில்தான் இருக்கிறது. பகலில் எல்லாக் கிணறுகளும் நன்றாகத்தான் தெரியும்.

இரவு அளவீடுகள் அடுத்த கிழமை என்னிடம் வந்தன. வரைபு கீறுவதும் கணக்குப் பார்ப்பதும் பெண்பிள்ளைகளின் வேலை. நிழலில் இருந்து செய்யலாம் அல்லவா.

விடியப்புறத்து எண்களைக் கீறியபோது கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக வந்தது. தர்சனைக் கன்ரீனில் பிடித்தேன்.

"உதை ஆர் அளந்தது?"

"ஏன்?"

"கோடு நேரா வருது."

அவன் பிளேன்ரீயை ஊதினான். "சரி, ஆருக்கும் சொல்லாதை. எல்லாருக்கும் நித்திரை வந்திட்டுது. நான் விடிய எழும்பி ரெண்டு பக்கத்தையும் பாத்து, இடையிலை உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்பினன்."

"தண்ணி அப்பிடி இறங்காது தர்சன்."

"உனக்கெப்பிடித் தெரியும்? நீ அங்கை நிண்டனியே?"

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அன்று சொல்லவில்லை. அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டு, மிகுதியை வைத்து வரைபுகளைக் கீறினேன். அறிக்கைக்கு மிக உயர்ந்த புள்ளி கிடைத்தது. "அளந்தவர்" என்ற கட்டத்தில், மாலை வரை எங்கள் பெயர்கள். அதற்குப் பிறகு பெடியன்களின் பெயர்கள் மட்டும்.

குளிர் அறையில் மூன்று பேர்

பட்டம் முடிந்ததும் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பட்டியல் போட்டு வாழ்கிறவள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றை வரிப் பட்டியலோடு போனேன்.

இரவு பஸ்ஸில் போய், பஸ் நிலையத்துக் கழிப்பறையில் சேலை மாற்றி, நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். நீண்ட மேசை. மூன்று பேர். ஏசிக் குளிர் எலும்பைத் தொட்டது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

நடுவில் இருந்தவர் என் அறிக்கையைப் புரட்டினார். "இரவு அளவீடுகளில் உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லையே?"

"பெண்களை மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்."

"நீங்கள் மறுத்தீர்களா?"

இந்தக் கேள்வியை இன்றைக்கும் பல் துலக்கும்போது நினைக்கிறேன். நான்கு வருடம் எங்களுக்குப் பாலத்தின் சுமையைக் கணக்கிடக் கற்றுத் தந்தார்கள். விரிவுரையாளரின் சொல்லை மறுப்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. மறுத்திருந்தால் "வாய்காட்டுகிற பிள்ளை" என்று சிபாரிசுக் கடிதம் வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு இதே மூன்று பேர் "குழுவாக வேலை செய்யத் தெரியாதவர்" என்று என்னை நிராகரித்திருப்பார்கள்.

"இல்லை" என்றேன்.

மற்றொருவர் என் ஆய்வுத் தலைப்பைத் தொட்டார். யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பங்கிட்டு, முறை வைத்து இறைக்கின்றன. இறைப்பின் வரிசைக்கும் நீரில் உப்பு ஏறுவதற்கும் என்ன தொடர்பு? இதுதான் நான் கேட்க விரும்பியது. அவர் சிரித்தார். "உப்பை அளப்பது பொறியியல். யார் முதலில் இறைப்பது, யார் பிறகு இறைப்பது என்பதெல்லாம் சமூக விஷயம். அதை வேறு யாராவது பார்ப்பார்கள்."

யார் அந்த வேறு யாராவது என்று அவர் சொல்லவில்லை.

பதில் மின்னஞ்சலில் வந்தது. போதிய கள அனுபவம் இல்லாமையால் இம்முறை இடம் வழங்க இயலவில்லை. நான் அதை எங்கள் தோட்டத்து வெங்காயப் பாத்திக்கு நடுவில் நின்று, கைபேசித் திரையில் வெயில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன்.

தர்சனுக்கு இடம் கிடைத்தது. பின்னேரம் அழைத்தான்.

"கேள்விப்பட்டன் சிந்து. எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு."

பிறகு அவன் மெல்லக் கேட்டான்: "உந்த வரைபுகளை ஒருக்கா எனக்கு விளங்கப்படுத்துவியே? அங்கை போனால் கேப்பாங்கள் போலை."

நித்திரை கொண்டவனுக்குக் கள அனுபவம் இருந்தது.

அறிவுரைக் காலம்

நிராகரிப்புச் செய்தி வந்த வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அதிக வேறுபாடில்லை. ஆட்கள் வருவார்கள், கதிரை போட வேண்டும், தேத்தண்ணி கொடுக்க வேண்டும். போகும்போது ஒவ்வொருவரும் ஓர் அறிவுரையை விட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முகாமைத்துவ முதுமாணியைச் சொன்னார். "எம்பிஏ எண்டால் ஒன்லைனிலை வீட்டிலையிருந்தே செய்யலாம். வெயில் இல்லை, மழை இல்லை." சேர் தொலைபேசியில் செயற்றிட்ட முகாமைத்துவம் என்ற வார இறுதிக் கற்கையைச் சொன்னார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஒப்பீஸ் வேலைதான் சரி. களத்திலை நிண்டு மாயத் தேவையில்லை."

அப்பாவின் அக்கா பண்டத்தரிப்பிலிருந்து வந்தார். மாமி வரும்போது அறிவுரையோடு மட்டும் வரமாட்டார், சாதகக் குறிப்போடு வருவார்.

"கனடாப் பெடியன் மோனை. தங்கமான குணம். மாஸ்டர்ஸ் கீஸ்டர்ஸ் எல்லாம் அங்கை போய்ப் படிக்கலாம்தானே."

"நான் படிக்கிறது எங்கடை கிணறுகளைப் பற்றி, மாமி."

"அங்கையும் பனிக்குக் கீழை கிண்டினால் தண்ணி வரும். அங்கை கிண்டு." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "நீயெண்டாலும் சொல்லன். பெடியன் தண்ணி வெந்நி ஒண்டும் தொடாதவனாம்."

அம்மா குசினி வாசலில் இருந்து விதைவெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "தண்ணி தொடாதவன் இவளுக்குச் சரிவரமாட்டான் மச்சாள். இவள் நாள் முழுக்கத் தண்ணியைத்தான் கதைக்கிறாள்."

மாமி அன்று தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். அன்று கொப்பியில் மூன்று பாதைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வியைப் போட்டேன்: இதைப் படித்தால் நான் கிணற்றடியில் நிற்பேனா? எம்பிஏ, இல்லை. செயற்றிட்டம், இல்லை. கனடா, இல்லவே இல்லை. அறிவுரை சொன்ன எல்லோரும், தனித்தனியாகவும் அன்பாகவும், என்னை மறுபடி அதே வானில்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் முறை

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் நேர்கோட்டில் இறங்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோப்பாயில் எங்கள் தோட்டம் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. காணியோடு கிணற்றில் ஒரு பங்கும் உறுதிப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழமை. காணி பிரியும்போது கிணறும் பிரியும், ஆனால் கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது, ஆகவே நேரத்தைப் பிரிப்பார்கள். பழைய பங்குகாரர் விடிய இறைப்பார்கள். இரவு முழுக்க ஊறிய நல்ல தண்ணீர் அவர்களுக்கு. கடைசியாகப் பிரிந்த பங்குக்குக் கடைசி முறை. அம்மாவின் பங்குதான் கடைசியாகப் பிரிந்தது. சீதனமாகப் பிரிந்த பங்கு கடைசியில் நிற்பது எங்கள் கிணற்றில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவின் முறை பொழுதுபட்ட பிறகு வரும். அதற்கு முந்திய முறை சின்னராசண்ணையுடையது. அவர் ஒருநாளும் நேரத்துக்கு நிறுத்தியதில்லை. "இந்தா, ஒரு பாத்திதான் கிடக்கு தங்கச்சி" என்பார். அந்த ஒரு பாத்தி முடிய இருட்டிவிடும். அதற்குள் கிணறு அடியைத் தொட்டிருக்கும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, உப்புத் தண்ணீர் கீழே கிடக்கிறது. மேலே உள்ளதை எல்லோரும் எடுத்தபின் கீழே உள்ளது ஏறி வரும். அம்மா வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். எங்கள் வெங்காயத் தாள்களின் நுனி மட்டும் எப்போதும் கருகியிருக்கும்.

பள்ளிக்கூட நாட்களில் ரோச் லைற் பிடிப்பது என் வேலை. வீட்டில் விளக்கு வைத்து, நான் தேவாரம் பாடி முடித்தபின் இருவரும் தோட்டத்துக்குப் போவோம். அம்மா மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். நான் கிணற்றைப் பார்ப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மிஷின் தொடங்கினால் எங்கள் மட்டம் சட்டென்று கீழே போகும். அது நின்றால் இறக்கம் தயங்கும். விடியப்புறம் ஊர் முழுக்க மிஷின்கள் தொடங்கும் நேரம் என்பது தோட்டக்காரர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த நேரத்துத் தண்ணீரைத்தான் தர்சன் அளவுகோல் வைத்து இறக்கியிருந்தான்.

எங்கள் ஊரில் இருட்டு எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும் பெண்ணுக்கு அது வெறும் வேலைநேரம். அவளைப் பார்த்து "விளக்கு வைக்க முதல் வீட்டை போ" என்று ஒருவரும் சொல்வதில்லை. அவளுடைய மகள் படித்து, கையில் அளவுநாடாவோடு அதே இருட்டில் நின்றால் உடனே எல்லோருக்கும் பாதுகாப்பு நினைவுக்கு வந்துவிடும்.

அம்மாவுக்காக ஒருவரும் வான் அனுப்பவில்லை.

கலைப்பீடத்துப் படிகள்

இன்னொரு பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில், ஆய்வு மூலம் செய்யும் முதுமாணிக்கு வேறு துறைப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அறிவித்தல் கண்டேன். விசாரிக்கப் போனேன். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன் என்று சொன்னால் நம்புங்கள். பனரின் நடுவில் தொங்கியவள் அல்லவா.

துறைத் தலைவர் ஒரு பெண். மேசையில் பழைய நிலப்படங்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. மின்விசிறி சுழலும்போது அவை பறக்காமலிருக்க அம்மிக் குழவி ஒன்றை மேலே வைத்திருந்தார். நான் கிணறு, உப்பு, முறை, சீதனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இது நல்ல கேள்வி" என்றார் மிஸ். "ஆனால் நீர் எங்களுக்கு உபகாரம் செய்ய வாறீர் எண்ட மாதிரி முகத்தை வைச்சிருக்கிறீர்."

என் முகம் சுட்டது.

"உப்பு அளக்க உமக்குத் தெரியும். எங்களிலை கனபேருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போய், உங்கடை முறை ஏன் கடைசியா வருது எண்டு சண்டை வராமல் கேக்கத் தெரியுமே?"

"தெரியாது மிஸ்."

"அப்ப முதல் வருசம் எங்கடை இளமாணிப் பிள்ளையளோடை இருந்து அடிப்படைப் பாடம் படிக்கோணும். உமக்கு வயசு குறைஞ்ச பிள்ளையள். வெக்கப்பட மாட்டீரே?"

"இரவிலை அளக்க விடுவீங்களோ மிஸ்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கிணறு இரவிலை பூட்டியே கிடக்கு? துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போம். ரோச் லைற்றுக்குப் பற்றறி பாத்துக்கொண்டு போம். வேறென்ன நான் சொல்லுறது?"

இவ்வளவுதான். இரண்டு முன்னெச்சரிக்கைகள். இதைச் சொல்ல எங்கள் பொறியியல் பீடத்தில் ஒருவருக்கும் நான்கு வருடமாக வாய் வரவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மறுபடி பட்டியல் போட்டேன். இழப்பது: முழுத்தகுதி பெற்ற இஞ்சினியராகும் பாதை பின்தள்ளிப் போகும். மாமியின் குறிப்புகள் நின்றுவிடும் (இதை எந்தப் பக்கம் எழுதுவதென்று யோசித்தேன்). அப்பா சந்தியில் இறங்கி நடக்கும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெறுவது: கிணற்றடி.

ஒரு வரி கேட்டேன்

இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஒன்று சேரிடம் கேட்பதுதான் முறை. போனேன். அதே அன்பு. கதிரையை இழுத்துப் போட்டார், பிளேன்ரீ சொன்னார்.

"புவியியலோ? சிவில் படிச்சிட்டு ஆர்ட்ஸுக்கோ? எனக்கல்லோ வெக்கம், பிள்ளை."

"கள அனுபவம் இல்லையெண்டு விட்டிட்டாங்கள், சேர்."

"தெரியும். சரியான கவலை." உண்மையிலேயே கவலைப்பட்டார். கடிதத்தைக் கணினியில் அடித்து, அச்செடுத்துத் தந்தார். ஒழுக்கமான மாணவி. அமைதியானவர். பணிவானவர். நேரந்தவறாதவர்.

படித்துவிட்டு மேசையில் வைத்தேன்.

"சேர், ஒரு வரி சேர்த்துத் தருவீங்களோ? இரவு அளவீட்டுக்கு நான் ஏன் நிக்கேல்லை எண்டு."

"அது உங்கடை பாதுகாப்புக்குத்தானே அனுப்பினனாங்கள்."

"ஓம் சேர். அதைத்தான். அப்பிடியே எழுதித் தாங்கோ."

அவர் தட்டச்சுப் பலகையில் கையை வைத்தார். எடுத்தார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொண்டிருந்தார்கள், அது தொடங்கவில்லை.

"அப்பிடி எழுதினால் எனக்கல்லோ குறை வரும், பிள்ளை."

"எனக்கு ஏற்கெனவே வந்திட்டுது, சேர்."

குரல் உயரவில்லை. எனக்குக் குரல் உயர்வதில்லை. அது என் பழக்கம், பணிவு அல்ல. அவர் என்னை ஏதோ புது ஆளைப் போலப் பார்த்தார். அந்த வரியை அவர் எழுதவில்லை. கடிதத்தை நான் எடுக்கவில்லை. பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். கடிதம் பிறகு வேறொரு விரிவுரையாளரிடமிருந்து கிடைத்தது. என் ஆய்வுகூட வேலையைப் பார்த்தவர் அவர். பணிவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

சேரை நான் மன்னிக்க வேண்டும் என்று நிரோஜா சொல்கிறாள். அன்று வானில் என் பக்கத்தில் இருந்தவள் அவள். இப்போது ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் அளந்துவரும் எண்களுக்கு வரைபு கீறுகிறாள். "அவர் நல்ல மனுசனடி" என்கிறாள். நல்ல மனுசன்தான். அதனால்தான் நாங்கள் நான்கு பேரும் சத்தமில்லாமல் ஏறினோம். கெட்டவன் ஒருவன் சொல்லியிருந்தால் யாராவது ஒருத்தி சண்டை பிடித்திருப்பாள்.

இருட்டுப்படும் நேரம்

முதல் வருட அடிப்படைப் பாடங்கள் முடிந்து களவேலை தொடங்கியது. மிஸ் முதல் கிணற்றை என்னையே தெரிந்தெடுக்கச் சொன்னார். நான் எங்கள் கிணற்றைத் தெரிந்தெடுத்தேன்.

சின்னராசண்ணை வழக்கம்போல ஒரு பாத்தி மிச்சம் வைத்திருந்தார். நான் கிணற்றுக் கட்டில் நாடாவையும் உப்புத்தன்மை அளக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். துணைக்கு வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. சும்மா காற்று வாங்குகிறேன் என்றார். சந்தியில் யார் என்ன கேட்டார்கள் என்பதையும் அவர் சொல்வதில்லை.

மேற்கில் பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சின்னராசண்ணை ஒருவழியாக மிஷினை நிறுத்தினார். காதுக்குள் திடீரென்று அமைதி விழுந்தது. அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். நான் என்ன அளக்கப்போகிறேன் என்று அவருக்கு ஓரளவு விளங்கியிருக்க வேண்டும்.

"பிள்ளை, இருட்டுப்படுது. படிச்ச பிள்ளை இந்த நேரத்திலை கிணத்தடியிலை என்ன செய்யிறீர்? விளக்கு வைக்கிற நேரம். வீட்டை போம்."

அதே சொற்கள். அதே அன்பு. என் வாயில் மிளகுக் காரம் வந்துபோனது. இந்தத் தடவை மறுப்பதற்கு வசனத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். மறுக்கும் பாடத்தை நானாகவே படித்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அதற்கு முன் அம்மா, மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்பில் நின்றபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அவள் எங்கை அண்ணை போறது? இது எங்கடை முறையெல்லே."

சின்னராசண்ணை துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போனார்.

அம்மா எங்கள் மிஷினின் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுவையில் அது பிடித்தது. நான் நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினேன். அது தண்ணீரைத் தொட்ட இடத்தை ரோச் லைற்றில் பார்த்தேன். மடியில் தாளை விரித்து, "அளந்தவர்" என்ற கட்டத்தில் முதலில் என் பெயரை எழுதினேன்.

நீர்மட்டத்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.